பாடியவரும் பாடாதவரும்

பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் மனதைக் கலை ஆற்றுமா? மும்பையில் ஒரே வீட்டில் இரண்டு பதில்கள் கிடைத்தன.

மாட்டுங்கா சண்முகானந்தா அரங்கில் 2011 செப்டம்பர் 23 அன்று ஒரு கஜல் கச்சேரி நடப்பதாக இருந்தது. பாகிஸ்தானின் குலாம் அலியும் மும்பையின் ஜக்ஜித் சிங்கும் ஒரே மேடையில். தென்னிந்தியர்கள் கர்நாடக சங்கீதத்துக்கென்று எழுப்பிய அரங்கம் அது என்றாலும், பெரிய கூட்டம் கூடும் எந்தக் கச்சேரியும் அங்கேதான் வந்து சேரும். ஆனால் அன்று ஜக்ஜித் சிங் மேடை ஏறவில்லை. மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு பாந்த்ராவில் லீலாவதி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அக்டோபர் 10ஆம் தேதி காலமானார்.

வயது 70. எழுபது வயதைக் கொண்டாட அந்த ஆண்டில் 70 கச்சேரிகள் செய்வதென்று திட்டம் போட்டிருந்தார். கடைசி மூச்சு வரை பாட நினைத்த மனிதர். அவருடைய வீட்டிலேயே, அவருக்கு இணையான புகழ் பெற்ற இன்னொரு பாடகி இருந்தார். அவர் பாடி 21 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் ஜக்ஜித்தின் மனைவி சித்ரா சிங்.

இருவரும் 1969இல் திருமணம் செய்துகொண்டவர்கள். 1976இல் வெளிவந்த அவர்களது முதல் இசைத்தட்டு கஜலை நவாபுகளின் கூடத்திலிருந்து நடுத்தர வர்க்கத்தின் வரவேற்பறைக்குக் கொண்டு வந்தது. உருது புரியாதவர்கள்கூட 1988இல் தூர்தர்ஷனில் குல்சாரின் 'மிர்ஸா காலிப்' தொடரைப் பார்த்தார்கள் என்றால் அதற்குப் பாதிக் காரணம் இந்த ஜோடியின் குரல். மேடையில் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து பாடும் காட்சி அதற்கு முன் கஜல் உலகில் அபூர்வம்.

1990 ஜூலையில் அவர்களுடைய மகன் விவேக் பம்பாயில் நடந்த கார் விபத்தில் இறந்தார். ஒரே மகன்.

அந்தச் சமயத்தில் தம்பதியின் 'சம்ஒன் சம்வேர்' என்ற ஆல்பம் வெளிவரும் நிலையில் இருந்தது. இருவரும் சேர்ந்து பாடிய கடைசி ஆல்பம் அதுதான். அதன் பிறகு சித்ரா சிங் பாடுவதை விட்டுவிட்டார்.

ஜக்ஜித்தும் சில மாதங்கள் பாடவில்லை. பிறகு திரும்பி வந்தார். 1991இல் லதா மங்கேஷ்கருடன் அவர் செய்த 'சஜ்தா' வெளிவந்தது. சஜ்தா என்றால் நெற்றி தரையில் படும்படி குனிந்து தொழுவது. பஜனைகள், குர்பானி என்று பக்திப் பக்கம் அதிகமாகத் திரும்பினார். 1998இல் 'துஷ்மன்' படத்துக்காக ஆனந்த் பக்ஷி எழுதி உத்தம் சிங் இசையமைத்த ஒரு பாட்டைப் பாடினார். சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்ட ஒருவரை நினைத்து ஏங்கும் பாட்டு. சினிமாவின் கதைக்காக எழுதப்பட்டதுதான். ஆனால் கச்சேரிகளில் அதைக் கேட்டவர்கள் ஒரு தகப்பன் தன் மகனுக்காகப் பாடுவதாகவே எடுத்துக்கொண்டார்கள்.

இந்தக் கதையைச் சொல்லும்போது பலரும் ஒரு வாக்கியத்தைச் சேர்த்துக்கொள்வது வழக்கம்: 'அவரும் பாடியிருந்தால் மனம் ஆறியிருக்கும்.' நல்லெண்ணத்தில் சொல்வதுதான். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் பிள்ளையை இழந்த எல்லாப் பெற்றோருக்கும் கொடுக்கும் ஆலோசனையும் இதே ரகம். எதிலாவது மனதைச் செலுத்து, பாட்டு கற்றுக்கொள், படம் வரை, வேலைக்குப் போ. இதில் எவ்வளவு உண்மை இருக்கிறது?

கை கொள்ளாத துயரம்

பிள்ளையை இழந்தவர்களுக்கு முதலில் தட்டுப்படும் வெறுமை, செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது. பெரியவர்கள் இறந்தால் கடமைகளுக்குக் குறைவில்லை. பத்து, பதினாறு, மாசியம், வருஷாந்திரம் என்று சாஸ்திரமும் சம்பிரதாயமும் ஒரு வருடத்துக்கு வேலை வைக்கின்றன. சிறு குழந்தை இறந்தாலோ பல சமூகங்களில் புதைத்து, பால் ஊற்றி, சில நாட்களில் எல்லாம் முடிந்துவிடும். பிள்ளைகள் பெற்றோருக்குச் செய்வதற்காக ஏற்பட்ட சடங்குகள் அவை. திசை மாறிப்போகும்போது அவற்றிடம் சொல்ல அதிகமில்லை. புத்திர சோகம் என்று அந்தத் துயரத்துக்கு ஒரு பெயர் மட்டும் இருக்கிறது. தசரதனை நினைத்து வைத்த பெயர்.

சாஸ்திரம் விட்ட இடத்தைக் கிராமத்துப் பெண்கள் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள். ஒப்பாரி அப்படி வந்த கலை. கலை என்று அதைச் சொல்ல இன்றும் தயங்குகிறவர்கள் உண்டு. ஆனால் தோளில் தோள் சேர்த்து வட்டமாக உட்கார்ந்த பெண்கள், இறந்தவரின் பெயரையும் குணத்தையும் அந்த இடத்திலேயே வரிகளாகக் கட்டி, ஒருத்தி எடுக்க மற்றவர்கள் தொடர்ந்து பாடுவதற்கு வேறு என்ன பெயர்? தாலாட்டு கட்டுகிற அதே வாய்தான் ஒப்பாரியும் கட்டுகிறது. சிறு வயதில் போனவர்களுக்கான ஒப்பாரியில், நடக்காமல் போன கல்யாணமும் போடாமல் போன நகையும் ஒவ்வொன்றாக வரும். பிள்ளை வாழ்ந்திருக்க வேண்டிய வாழ்க்கையைத் தாய் பாட்டிலேயே ஒரு தரம் நடத்திப் பார்த்துவிடுகிறாள்.

திருநெல்வேலிப் பக்கம் இன்னொரு வழக்கமும் இருக்கிறது. கல்யாணமாகாமல் இறந்த பெண் பிள்ளையைக் கன்னியாக, வீட்டுச் சாமியாக வைத்துக் கும்பிடுவது. ஓர் ஓலைப் பெட்டி. அதில் பாவாடை, சட்டை, வளையல், பொட்டு. வருடத்தில் ஒரு நாள் பழைய துணியை எடுத்துவிட்டுப் புதிது வைத்துப் படைப்பார்கள். வீட்டில் நல்லது கெட்டது நடந்தால் கன்னிக்குச் சொல்லாமல் நடக்காது. இறந்தவளை மறக்கச் சொல்லி அங்கே யாரும் புத்தி சொல்வதில்லை. அவளுக்கென்று வீட்டில் ஓர் இடம் ஒதுக்கி, வருடா வருடம் செய்ய ஒரு வேலையும் வைத்துவிடுகிறார்கள்.

மும்பைக்குத் தமிழர்கள் வந்தபோது இவையும் கூடவே வந்தன. தோல் பதனிடும் தொழிலுக்காக 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நெல்லைச் சீமைக்காரர்கள் வந்து குடியேறிய இடம் தாராவி. ஆனால் ஊரில் இருந்த முற்றமும் திண்ணையும் வரவில்லை. இரண்டரை சதுர கிலோமீட்டருக்கும் குறைவான நிலப்பரப்பில் லட்சக்கணக்கானோர் வாழும் இடத்தில், பத்துக்குப் பத்து அறையில், தையல் மெஷினுக்கும் அடுப்புக்கும் நடுவில், துக்கத்துக்கு எங்கே இடம் இருக்கிறது? குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு எழுந்தாக வேண்டும். பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவள் மூன்று நாள் உட்கார்ந்தால் மூன்று நாள் கூலி போய்விடும். செம்பூரிலும் மாட்டுங்காவிலும் நிலைமை வேறு. அடுக்குமாடியில் கதவைச் சாத்திக்கொண்டால் அழுவதற்கு இடம் உண்டு. கூடச் சேர்ந்து அழ ஆள் இல்லை. சொசைட்டிக் கட்டடத்தில் ஒப்பாரி வைத்தால் பக்கத்து பிளாட்காரர் என்ன நினைப்பார் என்ற கூச்சம் வேறு.

துணியில் தைத்த வலி

தாராவியில் பெண்கள் தங்கள் வேதனையைக் கையால் செய்து காட்டிய ஒரு முயற்சி 2015இல் நடந்தது. பிப்ரவரி 15 முதல் மார்ச் 7 வரை நடந்த தாராவி பினாலே. கொச்சியில் நடக்கும் பினாலேவைப் போலப் பெரும் கலைஞர்களை அழைத்து வந்து காட்டும் விழாவாக அது இருக்கவில்லை. தாராவியில் வசிப்பவர்கள் உடல்நலத்தைப் பற்றித் தாங்களே செய்த படைப்புகளை அங்குள்ள சந்துகளிலேயே வைத்தார்கள். பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளை பணம் கொடுத்தது. நடத்தியது ஸ்நேஹா என்ற மும்பைத் தொண்டு நிறுவனம்.

அதில் அதிகம் பேசப்பட்டவற்றில் ஒன்று, தாராவிப் பெண்கள் சூசி விக்கரி என்ற கலைஞருடன் சேர்ந்து உருவாக்கிய துணி வரைபடம். தாராவியின் தெருக்களைத் துணியில் கொண்டுவந்து, பெண்கள் அடிபட்ட இடங்களை அதில் ஊசியாலும் நூலாலும் குறித்தார்கள். அதன் பொருள் குடும்ப வன்முறை. பிள்ளை இழப்பு அல்ல. ஆனாலும் அது செயல்பட்ட விதம் இங்கே பொருந்தும். நேருக்கு நேர் உட்கார வைத்து 'உனக்கு என்ன நடந்தது, சொல்' என்று கேட்டால் வாய் திறக்காதவர்கள், பத்துப் பேர் கூடி ஒரே துணியில் தைக்கும்போது பேசுவார்கள். கண் ஊசியில் இருக்கிறது. யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. பேச்சு நின்றாலும் கை நிற்பதில்லை என்பதால் மௌனம் சங்கடமாக இருக்காது. தவிர, தையல் இந்தப் பெண்களுக்குப் புதிதாகக் கற்க வேண்டிய 'கலை' அல்ல, தெரிந்த தொழில்.

ஸ்நேஹாவை 1999இல் தொடங்கியவர் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ். தாராவிக்காரர்கள் சயான் ஆஸ்பத்திரி என்று சொல்லும் லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனையில் பச்சிளங் குழந்தைகள் மருத்துவராகப் பணியாற்றியவர். 1989இல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை அங்கே நிறுவியவரும் அவரே. அடுத்தவர் குழந்தைகளைப் பிழைக்க வைப்பதில் வாழ்நாளைச் செலவழித்த அவர் 2013இல் தன் மகள் ரோமிலாவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். தீராத நோயாளிகளின் வலியைத் தணிக்கும் பராமரிப்பு மையம் ஒன்று மகளின் பெயரில் பாந்த்ராவில் 2017இல் தொடங்கியது. அவருக்குக் கைவந்தது மருத்துவம். அதைக் கொண்டு மகளுக்காகச் செய்தார்.

பதினெட்டு ஆண்டுச் சிலை

தனக்குக் கைவந்ததைக் கொண்டு பிள்ளைக்காக ஏதாவது செய்வது என்பதன் முழு விலையும் என்ன என்று தெரிய வேண்டுமானால், மும்பையை விட்டுச் சற்று வெளியே போக வேண்டும். ஜெர்மானிய ஓவியர் கெதே கோல்விட்ஸின் கதை அது. பெர்லினில் தொழிலாளர் வசிக்கும் பகுதியில் அவருடைய கணவர் கார்ல் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். வைத்தியம் பார்த்துக்கொள்ள வரும் தாய்மார்களும் நோஞ்சான் குழந்தைகளும்தான் கெதேவின் ஓவியங்களில் வந்தார்கள். 1903இல் இறந்த குழந்தையைக் கட்டிக்கொண்டிருக்கும் தாயின் படம் ஒன்றைச் செய்தார். மாடலுக்கு வேறு யாரையும் தேடவில்லை. ஏழு வயது மகன் பீட்டரை மடியில் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் பார்த்துத் தானே வரைந்தார்.

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் வெடித்தது. பீட்டருக்கு 18 வயது. தானாக ராணுவத்தில் சேர ஆசைப்பட்டான். வயது போதாததால் தகப்பனின் சம்மதம் வேண்டும். கார்ல் மறுத்தார். கெதேதான் மகனுக்காகப் பேசிக் கணவரைச் சம்மதிக்க வைத்தார். அக்டோபர் பின்பாதியில் பெல்ஜியத்தில் டிக்ஸ்முடே அருகே பீட்டர் கொல்லப்பட்டான்.

அந்த டிசம்பரிலேயே மகனுக்கு ஒரு நினைவுச் சின்னம் செய்வதென்று முடிவு செய்தார். பிள்ளையைப் போருக்கு அனுப்பச் சம்மதம் வாங்கிக் கொடுத்தவள் என்ற உறுத்தலோடு களிமண்ணில் கை வைத்தார். முதலில் யோசித்த அமைப்பில் பீட்டர் நீட்டிப் படுத்திருப்பான். தலைமாட்டில் தகப்பன், கால்மாட்டில் தாய். வருடக்கணக்கில் முயன்றும் அது சரிப்படவில்லை. 1919இல் வேலையைக் கைவிட்டார். இடையில் போரைப் பற்றி ஏழு மர அச்சுப் படங்கள் செய்தார். அவற்றில் ஒன்று, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து குலுங்கும் பெற்றோர். 1920களின் நடுவில் மீண்டும் சிலைக்குத் திரும்பினார். 1926இல் பெல்ஜியத்துக்குப் போய் மகனின் கல்லறை இருக்கும் இடத்தைப் பார்த்தார்.

1932இல் சிலைகள் அந்த மயானத்தில் நிறுவப்பட்டன. பதினெட்டு ஆண்டுகள். மகன் உயிரோடு இருந்த அதே அளவு காலம். முடிவில் சிலையில் மகனே இல்லை. இரண்டு கருங்கல் உருவங்கள், தனித்தனிப் பீடத்தில், முழங்காலிட்டபடி. தகப்பன் கைகளை மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து இருக்கிறார். தாய் குனிந்து சுருண்டிருக்கிறாள். முகங்கள் கார்லுடையதும் கெதேவுடையதும். இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை, தொட்டுக்கொள்வதும் இல்லை. இடையில் வெற்றிடம். பின்னாளில் மயானமே விலாட்ஸ்லோ என்ற இடத்துக்கு மாற்றப்பட்டபோது பீட்டரின் கல்லறையும் சிலைகளும் சேர்ந்தே போயின.

அந்தச் சிலையைச் செய்ததால் கெதேவின் காயம் ஆறியது என்று சொல்ல முடியாது. 1942இல் பீட்டர் என்றே பெயரிடப்பட்ட அவருடைய பேரனும் ரஷ்யாவில் போரில் இறந்தான். ஆனால் பதினெட்டு ஆண்டுகள் மகனுக்காகச் செய்ய ஒரு வேலை இருந்தது. சரியாக வரவில்லை என்று கலைத்துவிட்டு மறுபடி செய்ய அது இடம் கொடுத்தது. உறுத்தலையும் அதன் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடிந்தது. ஆயிரக்கணக்கான பெற்றோர் வந்து நிற்கும் இடமாக அது மாறியது.

இந்த வரிசையில் தாகூரையும் சேர்க்கிறவர்கள் உண்டு. ஐந்து பிள்ளைகளில் மூவரை அவர் இழந்தார்: ரேணுகாவை 1903இலும், பதினோரு வயது சமீந்திரநாத்தை 1907இலும், மாதுரிலதாவை 1918இலும். அறுபது வயதைத் தாண்டித் தீவிரமாக ஓவியம் வரையவும் தொடங்கினார். இரண்டையும் முடிச்சுப் போட்டு, சோகம் தூரிகையானது என்று எழுதுவது எளிது. அவர் எழுதாத, பாடாத காலம் ஏதாவது உண்டா என்று பார்த்தால் அந்த முடிச்சு நிற்காது.

ஊசல்

மனநல ஆய்வாளர்களின் கருத்தும் இந்த நூறு ஆண்டுகளில் மாறிவிட்டது. 1917இல் பிராய்டு துக்கத்தைப் பற்றி எழுதியபோது, இறந்தவரிடமிருந்து மனதைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்துக்கொள்வதே துக்கத்தின் வேலை என்றார். மூன்றாண்டு கழித்து அவருடைய மகள் சோபி இறந்தார். பல ஆண்டுகளுக்குப் பிறகு, மகனை இழந்த நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் பிராய்டே வேறு விதமாகப் பேசினார். அந்த இடத்தை வேறு எதுவும் நிரப்பாது, அப்படி இருப்பதுதான் சரி என்பது அதன் சாரம். 1996இல் அமெரிக்காவின் டென்னிஸ் கிளாசும் வேறு இருவரும் தொகுத்த நூல் இன்னும் தெளிவாகச் சொன்னது: இறந்தவருடனான உறவு முடிவதில்லை, உருமாறித் தொடர்கிறது. பிள்ளையை இழந்த பெற்றோரோடு நீண்ட காலம் பழகியவர் கிளாஸ். நெல்லைச் சீமையின் ஓலைப் பெட்டியைப் பார்த்திருந்தால் அவருக்கு வேறு உதாரணமே தேவைப்பட்டிருக்காது.

நெதர்லாந்தின் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹென்க் ஷூட்டும் 1999இல் வெளியிட்ட கருத்து இன்னும் நடைமுறைக்கு நெருக்கமானது. துக்கப்படுகிறவர் ஊசலைப் போல இரண்டு பக்கமும் போய்வருகிறார். ஒரு பக்கம் இழப்பு, அழுகை, நினைவு. மறு பக்கம் அன்றாட வேலை, பொறுப்பு, கொஞ்சம் மறதி. இரண்டும் வேண்டும். ஒரே பக்கத்தில் சிக்கிக்கொண்டால்தான் ஆபத்து. இதை வைத்துப் பார்த்தால், தாராவியின் ஒற்றை அறையில் இருப்பவளுக்கு வேலைப் பக்கம் மட்டுமே கிடைக்கிறது. அழுகைப் பக்கம் அவளுக்கு அனுமதிக்கப்படுவதில்லை. செம்பூர் பிளாட்டில் தனியாக இருப்பவளுக்கு நேர்மாறு. பாட்டோ தையலோ மண்வேலையோ இந்த இருவருக்கும் உதவக்கூடும். ஏனென்றால் அதில் கை வேலையில் இருக்கும்போதே மனம் பிள்ளையிடம் இருக்க முடிகிறது.

சினிமாப் பாட்டு கேட்கும் தமிழர்களுக்கு இன்னொரு சித்ராவின் கதை தெரியும். திருமணமாகி 15 ஆண்டுகள் கழித்து 2002இல் பிறந்த மகள் நந்தனாவை, கே.எஸ். சித்ரா 2011 ஏப்ரலில் துபாயில் நீச்சல் குளத்தில் இழந்தார். ஏ.ஆர். ரகுமான் கச்சேரிக்காகப் போன இடத்தில். குழந்தைக்கு வயது 8. சில மாதங்கள் ஒதுங்கியிருந்துவிட்டு மறுபடி பாட வந்தார். ஒவ்வொரு ஆண்டும் மகளின் நாளில் அவளை நினைத்துப் பொதுவில் நாலு வார்த்தை எழுதுகிறார். 'சின்னக் குயில்' என்று பெயரெடுத்த அந்தக் குரலுக்குப் பாட்டு என்பது ஊசலின் இரு பக்கமும் போய்வரும் பாதையாக இருந்திருக்கிறது.

சித்ரா சிங்குக்கு அப்படி இருக்கவில்லை. காரணத்தை ஊகிக்கக் கஷ்டமில்லை. வீட்டில் கணவனும் மனைவியும் சேர்ந்து பாடிப் பழகிய பாட்டுக்குள்தான் அந்தப் பிள்ளை வளர்ந்தான். சுருதி சேர்த்த மாத்திரத்தில் எது கண் முன் வந்து நிற்குமோ, அதைத் தினமும் பார்க்கத் துணிவது ஒருவருக்கு ஆறுதல், இன்னொருவருக்குச் சித்திரவதை. ஜக்ஜித் பாடியதற்காக மகனைக் குறைவாக நேசித்தவரும் இல்லை. சித்ரா பாடாததற்காகத் தோற்றுப்போனவரும் இல்லை. விலாட்ஸ்லோவில் அந்த இரண்டு கற்களும் தனித்தனிப் பீடத்தில் இருப்பது தற்செயல் இல்லை.

2009இல் சித்ராவுக்கு இரண்டாவது அடி விழுந்தது. முதல் திருமணத்தில் பிறந்த மகள் மோனிகாவும் இறந்துபோனார். இரண்டு ஆண்டுகள் கழித்து, மாட்டுங்காவில் கச்சேரி நடக்க வேண்டிய அந்த வெள்ளிக்கிழமை வந்தது. அதன் பிறகு வீட்டில் பாடுகிறவர் யாரும் இல்லை. 1990இன் ஆல்பம் இன்னும் கேட்கக் கிடைக்கிறது. அதில் சித்ரா சிங்கின் குரலில் எந்தக் கலக்கமும் இல்லை. அது பதிவானபோது அவருடைய மகன் உயிரோடு இருந்தார்.